போர்டு காலி, சார்

சீசன் தொடங்கிவிட்டால் இலஞ்சியில் என் வீடு சத்திரமாகிவிடும். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து உட்காருகிற சொந்தபந்தங்கள், இட்லி சாப்பிட்டு முடித்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "அத்தாந் தண்டிக் கப்பலை எப்படி அண்ணாச்சி தண்ணிக்குள்ள தள்ளுவீங்க?" முப்பத்தாறு வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கடற்கரையில், கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். கேள்வி கேட்டவர்கள் பதிலுக்கு நிற்கமாட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்தருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று போய்விடுவார்கள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

போன மாதம் முருகேசன் போன் செய்தான். செங்கோட்டைக்காரன், நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்தில் தலைமைப் போர்மேனாக உட்கார்ந்தவன். "அண்ணாச்சி, பழைய சரிவுத் தளத்தை இடிக்கப் போறாங்க. இனிமே எல்லாக் கப்பலையும் பள்ளத்துக்குள்ள கட்டி, தண்ணிய விட்டு மிதக்க வச்சிருவாங்க. அதுக்கு ஒரு மலர் போடுதோம். நீங்க நாலு பக்கம் எழுதித் தாங்க. நல்ல விஷயமா எழுதுங்க, என்ன?" சரி என்றேன். வைப்பதற்கு முன்னால் மறுபடியும், "நல்ல விஷயமா எழுதுங்க அண்ணாச்சி" என்றான். எதை எழுதக்கூடாது என்கிறான் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆகவே அதைத்தான் எழுதுகிறேன்.

நான் தளத்தில் சேர்ந்த கதையில் ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஆரியங்காவு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார் அப்பா. இரண்டு வருஷம் மரம் அறுத்தேன், மூன்று வருஷம் இரும்புத் தகட்டில் அளவுக்கோடு போட்டேன், மலையாளம் பேசக் கற்றேன், மீன் குழம்பு சாப்பிடக் கற்றேன். ஆறாவது வருஷம் கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே தலை நரைத்தது.

கப்பலை யாரும் தள்ளுவதில்லை. சரிவான தளத்தில், பின்பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி அதைக் கட்டுகிறார்கள். கட்டுகிற காலம் முழுக்க அதன் வயிற்றுக்கு அடியில் நூற்றுக்கணக்கான மரக்கட்டைகள் தாங்கிக்கொண்டிருக்கும். இறக்குவதற்குச் சில வாரம் முன்னால், இரண்டு பக்கமும் தண்ணீர் வரைக்கும் நீளமாகப் பாதை போடுவோம். பாதையின் மேல் மெழுகு மாதிரி கெட்டியான கொழுப்பை உருக்கி ஊற்றி, அதன் மேல் மெத்தென்ற கிரீஸைப் பூசி, அதற்கும் மேலே சறுக்குகிற மரத்தொட்டிலை வைப்போம். இறக்குகிற நாள் காலையில் எண்பது பேர் வரிசையாக நின்று, விசில் சத்தத்துக்கு ஒரே நேரத்தில் ஆப்பு அடிப்பார்கள். தொட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக் கப்பலின் பாரத்தை வாங்கும். பிறகு அடியில் உள்ள கட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்போம். கடைசிக் கட்டையும் போய்விட்டால், அந்த ஆயிரக்கணக்கான டன் எடை கிரீஸின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு இரும்புப் பூட்டு மட்டும் பிடித்திருக்கும். பூட்டை விட்டால் கப்பல் தானே போகும்.

அதனால் கடைசிக் கட்டைகளை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. பாரம் ஏற ஏற, வெயில் ஏற ஏற, கிரீஸ் இரண்டு பக்கமும் பிதுங்கி வழியும். ரொம்ப நேரம் போனால் பூட்டை விட்டாலும் கப்பல் அசையாது. அல்லது பாதி தூரம் போய் நின்றுகொள்ளும், அது இன்னும் மோசம். விழாவுக்கு வருகிற விருந்தாளி மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கடைசிப் பன்னிரண்டு கட்டைகளை எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு விதி இருந்தது.

இன்னொரு விதி, வில்லை. கப்பலுக்கு அடியில் போகிற ஒவ்வொருவனும், நுழைகிற இடத்தில் இருக்கிற பலகையில் தன் எண் போட்ட பித்தளை வில்லையை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு வில்லை தொங்கினாலும் பூட்டைத் தொடக்கூடாது. அந்தப் பலகையைத்தான் போர்டு என்போம். அதன் பக்கத்தில் ரேடியோவும் கையுமாக நிற்பது என் வேலை.

பூட்டுக்குப் பொறுப்பு குரியன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோரும் கிரீஸில் முங்கி எழுந்த மாதிரி இருக்கும்போது அவர் மட்டும் வெள்ளை முழுக்கைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் நிற்பார். கட்டை விரலைக் கிரீஸில் அமுக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். முப்பது வருஷத்தில் அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. கட்டளை என்று ஒன்றும் இட்டதில்லை. கேள்விதான் கேட்பார். "இது போதும் அல்லே?" "அதை இப்போ எடுத்தால் நல்லது அல்லே?" என்று நல்ல தமிழும் மலையாளமும் கலந்து மெதுவாகக் கேட்பார். நாம் "ஆமா சார்" என்போம். அவ்வளவுதான், அது நாம் சொன்னதாகிவிடும். கையெழுத்தும் நம்முடையதாக இருக்கும். எத்தனை நல்ல மனுஷன் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மடையன்.

சுடலைமுத்து பண்பொழிக்காரன். நான்தான் அவனைத் தளத்தில் சேர்த்துவிட்டேன். ஒல்லியான ஆள், ஆனால் கையில் சம்மட்டி இருந்தால் வேறு மனிதன். இறுகிப்போன முட்டுக்கட்டையை எந்த இடத்தில் அடித்தால் விடும் என்று தட்டிப் பார்த்தே சொல்லுவான். "கப்பலுக்கு அடியிலதான் அண்ணாச்சி சுகம், வெயிலும் கெடையாது, மேஸ்திரியும் கெடையாது" என்று என்னை வைத்துக்கொண்டே சொல்லுவான். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம். தென்காசியில் இறங்கி அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்தச் சரக்குக் கப்பலை இறக்கியது ஒரு வெள்ளிக்கிழமை. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கடல் ஏற்றம் அன்றைக்கு உச்சத்துக்கு வருவது பத்தே முக்காலுக்கு. பன்னிரண்டரையைத் தாண்டினால் தண்ணீர் போதாது. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது என்பதால் பத்தேகாலுக்கு நேரம் குறித்திருந்தார்கள். கப்பலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டியவர், விருந்தாளியாக வருகிற பெரிய அதிகாரியின் மனைவி.

ஒன்பது மணிக்கு அதிகாரி இன்னும் வந்து சேரவில்லை. குரியன் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "பரமசிவா, கடைசிக் கட்டை பன்னிரண்டும் எடுக்க அரை மணி வேணும் அல்லே? அவர் வந்து ஏறிய பிறகு அரை மணி உட்கார வைக்க முடியாது அல்லே?"

"இப்பவே எடுத்துரலாம் சார்" என்றேன்.

"அப்போ இதிலும் ஒரு ஒப்பு போட்டு விடு. பின்னே கூட்டத்தில் நேரம் கிடைக்காது." 'அடியில் ஆள் யாரும் இல்லை, இறக்கலாம்' என்று நான் உறுதி சொல்கிற தாள் அது. எல்லாம் முடிந்து, பூட்டை விடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போட வேண்டிய கையெழுத்து. அடியில் நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது போட்டுக் கொடுத்தேன். அதற்கு முந்திய நாலு கப்பலுக்கும் அப்படித்தான் கொடுத்திருந்தேன்.

பத்து மணிக்குக் கட்டையெல்லாம் வெளியே. அதிகாரி பத்தே முக்காலுக்கு வந்தார். அந்த அம்மா காரை விட்டு இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து, ராகுகாலத்தில் தேங்காயைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி வரைக்கும் ஏ.சி. அறையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கிரீஸ் வழிய ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு நான் குனிந்து பார்த்தபோது பாதையின் ஓரமெல்லாம் மஞ்சளாகப் பிதுங்கிக் கிடந்தது.

குரியன் சார் வந்து விரலை வைத்துப் பார்த்தார். "முன்பக்கம் ஆறு முட்டு கொடுத்தால் கொஞ்சம் பாரம் குறையும் அல்லே?" என்றார். சுடலையையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினேன். மூவரும் வில்லையை மாட்டிவிட்டுப் போனார்கள். ஆறு முட்டுகளைக் கொடுத்து ஆப்பு வைத்து இறுக்கினார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, எல்லாவற்றையும் அடித்து எடுக்கச் சொன்னேன். ஐந்து முட்டு வந்துவிட்டது, மூவரும் வெளியே வந்தார்கள், வில்லையை எடுத்துக்கொண்டார்கள். மற்ற இருவரும் கயிறு பிடிக்க மறுபக்கம் ஓடினார்கள். சுடலை மட்டும் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் நின்றான்.

"ஆறாவது முட்டு விடமாட்டேங்கு அண்ணாச்சி. பாரம் ஏறிட்டு."

மேடையில் அந்த அம்மா படியேறுவது தெரிந்தது. பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. ஒரு முட்டு இருந்தால் கப்பல் கோணி இழுத்துக்கொள்ளுமோ என்று எனக்குப் பயம். "ஏலே சுடலை, ஒரே அடி. அடிச்சுத் தள்ளிட்டு ஓடி வந்துரு" என்றேன்.

அவன் போர்டு பக்கம் திரும்பினான், வில்லையை மாட்ட. இடுப்பில் முடிந்திருந்ததை அவிழ்க்கக் கையை வைத்தான்.

"வில்லை கெடக்கு, நீ போ" என்றேன்.

போனான். அவன் குனிந்து உள்ளே மறைந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அப்போது ரேடியோவில் குரியன் சார். "பரமசிவா, கிளியர்?"

"ஒரு நிமிஷம் சார்."

"தேங்காய் கையில் எடுத்தாச்சு. நிமிஷம் இல்லை. போர்டு காலியா?"

போர்டைப் பார்த்தேன். ஒரு வில்லைகூட இல்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். "போர்டு காலி சார்" என்றேன். அடுத்து "ஆனா ஆள் இருக்கான்" என்று சொல்ல வாயெடுத்தேன் என்று பல வருஷம் என்னையே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன். வாயெடுக்கவில்லை. எப்படியும் அவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரே அடி போதும் என்று நினைத்தேன். மேடையில் இருப்பவர்களைக் காக்க வைத்தவன் என்ற பெயர் வாங்கக்கூடாது என்று நினைத்தேன். இவ்வளவும் நினைக்க ஒரு வினாடிதான் ஆனது.

தேங்காய் உடைந்தது. பூட்டு விழுந்த சத்தம் காலில் அதிர்ந்தது. கப்பல் அசைந்தது.

அந்தக் கப்பல் மாதிரி அழகாக இறங்கிய கப்பலை நான் பார்த்ததில்லை. ஒரு உலுக்கல் இல்லை, ஒரு கோணல் இல்லை. கூட்டம் கைதட்டியது. ஆறாவது முட்டு தெறித்துச் சுடலையின் இடது காலில் விழுந்திருந்தது. அவன் இரண்டு பாதைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் மல்லாக்கக் கிடந்தான். கப்பல் முழுவதும் அவன் மேலேயே போய்க் கடலில் சேர்ந்தது. நான் கிரீஸில் வழுக்கி விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது. "அண்ணாச்சி, முட்டு விட்டுட்டு" என்றான்.

காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் குரியன் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கண்ணீரைத் துடைக்கத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அது சலவை மணம் மாறாமல் இருந்தது. "பரமசிவா, தாளில் உன் ஒப்பு. நான் கேட்டது போர்டு, நீ சொன்னது காலி. நீ சொல்லி அவன் போனான் என்றால் போலீஸ் வரும் அல்லே? அவன் வில்லை மாட்டவில்லை. சொல்லாமல் போனவன்தானே வில்லை மாட்டாமல் போவான்?"

"ஆமா சார்" என்றேன்.

விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது மூன்று வரி. சுடலைமுத்து தானாக உள்ளே போனான். வில்லை மாட்டவில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் கட்டிலில் படுத்தபடி, அண்ணாச்சி சொல்லித்தான் போனேன் என்று சொல்லியிருக்கிறான். பேண்டு சத்தத்தில் வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. போர்மேன் சொல்வதை எழுதுவார்களா, காலில்லாதவன் சொல்வதை எழுதுவார்களா? சொந்தக் கவனக்குறைவு, விதிமீறல் என்று முடித்தார்கள். அடிபட்டவர்களுக்கு ஸ்டோரிலோ கேட்டிலோ உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பது வழக்கம். விதியை மீறியவனுக்கு அது கிடையாது. வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு அடுத்த வருஷம் தலைமைப் போர்மேனாக உயர்வு வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

இது போதாதென்று ஒன்று செய்தேன். அவனை ஊரில் கொண்டுவந்து விட்டபோது நானும் கூடப் போனேன். அவன் மனைவி பேச்சியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அவரு நீங்க சொல்லித்தான் போனேங்காரு. ஆபீஸ் தாளு வேற மாதிரி சொல்லுது. நீங்க எங்களுக்குப் பொய் சொல்ல மாட்டிய அண்ணாச்சி. மலையைப் பாத்துச் சொல்லுங்க." அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் மலைமேல் திருமலைக் குமாரசாமி கோயில் நேரே தெரியும். மலையைப் பார்த்துச் சொன்னேன். "நான் போகச் சொல்லல தாயி. அவனாத்தான் போயிட்டான்."

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தென்காசி பஜாரில் எப்போதாவது சுடலையைப் பார்த்தால் தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். ஒருநாளும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதையும் எனக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்ததும், அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவன் காதில் போட்டுவிடுவோம் என்று போன புதன்கிழமை பண்பொழிக்குப் போனேன். பெரிய காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. குரியன் சார் இப்போது இல்லை. என்னை வேலையை விட்டு எடுக்க எவனாலும் முடியாது. இப்போது வந்த தைரியத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

சுடலை முன்னறையில் தையல் மெஷினில் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தான். மிதிக்க முடியாது என்பதால் மெஷினுக்கு மோட்டார் பூட்டியிருந்தான். "வாங்க அண்ணாச்சி" என்றான், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவன் மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு விஷயம் எழுதியிருக்கிறேன், கேள் என்று வாசிக்க ஆரம்பித்தேன். அவன் மோட்டாரை நிறுத்தினான். "வில்லை கெடக்கு, நீ போ" என்ற இடம் வந்தபோது, "போதும் அண்ணாச்சி" என்று பதறிக்கொண்டு கையைக் காட்டினான். அவன் பார்த்த பக்கம் திரும்பினேன். பேச்சியம்மா காப்பி டம்ளரோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வாசிக்கிய? திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

"நான்தான் போகச் சொன்னேன் தாயி. அவன் உங்கிட்ட சொன்னதுதான் நெசம். நான் மலையைப் பாத்துச் சொன்னது பொய்."

அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுடலைதான் என்னைப் பார்த்துக் கோபமாகப் பேசினான், இருபது வருஷத்தில் முதல் தடவையாக. "இதை எதுக்கு அண்ணாச்சி இவ காதுல விழும்படியா வாசிச்சிய? நான் எப்படியோ சரிக்கட்டி வச்சிருந்தேனே."

பேச்சியம்மா அவனிடம் கேட்டாள். "நம்ம பாப்பா சடங்கு முடிஞ்ச மறுநாளு, 'ஆமாட்டி, நானாத்தான் போனேன், என் தப்புதான்'னு சொன்னிய. நெசமா நீங்களாப் போகலன்னா, செய்யாததை ஏன் ஒத்துக்கிட்டிய?"

அவன் மெஷினில் கிடந்த துணியை நேராக்கினான். "எட்டு வருஷம் சொல்லிப் பாத்தேன். நீ நம்பல. தெனமும் வீட்டுக்குள்ள அதே பேச்சு, அதே ஏச்சு. நான் என்ன செய்ய? ஒத்துக்கிட்ட அன்னைக்குத்தான் நீ எம் பக்கத்துல உக்காந்து சோறு போட்ட."

பேச்சியம்மா காப்பியை எடுத்துக்கொண்டு அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. சுடலை எழுந்து ஊன்றுகோலைத் தேடினான். அது என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்து நீட்டினேன். அவன் அதை வாங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவளிடம் போனான்.